வாசகர் கேள்வி – பதில்: ஹெட்செட் இல்லாத சேர்வரில் வி.ஆர்.

கேள்வி: திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவின் பவளப்பாறைகளை, நீந்தத் தெரியாத பாடசாலைப் பிள்ளைகளும் ஒன்றாகச் சுற்றிப் பார்க்கும்படி, நண்பர்கள் நால்வர் சேர்ந்து யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் கருவியில் ஒரு வி.ஆர். (ஹெட்செட் அணிந்து பார்க்கும் மெய்நிகர் உலகம்) மென்பொருளை உருவாக்கியிருக்கிறோம். எங்கள் மடிக்கணினியில் ஒழுங்காக இயங்கும் அது, வாடகைக்கு எடுத்த லினக்ஸ் சேர்வரில் (எல்லோரையும் இணைக்கும் பொதுக் கணினியில்) ஹெட்செட் கிடைக்கவில்லை என்று கூறி நின்றுவிடுகிறது. போலி ஹெட்செட் ஒன்றை நிறுவும்படி சிலர் சொல்கிறார்கள். அதுதான் வழியா?
– வாசகர், உப்புவெளி

பதில்: அந்த வழி வேண்டாம். ஹெட்செட்டுகளை இயக்கும் ஸ்டீம்வி.ஆர். என்ற மென்பொருளில் ஹெட்செட் இருப்பதாகக் காட்டும் ‘நல்’ டிரைவர் என்ற ஒன்றும், மொனாடோ என்னும் திறமூல மென்பொருளில் பாவனை ஹெட்செட் ஒன்றும் இருப்பது உண்மைதான். ஆனால் அவை கையில் ஹெட்செட் இல்லாத நேரத்தில் நிரலாளர் சோதித்துப் பார்ப்பதற்கு உதவுபவை. கிராஃபிக்ஸ் அட்டை இல்லாத சேர்வரில் அவற்றைப் புகுத்தினால் மென்பொருள் தொடங்காமலே போகலாம். தொடங்கினாலும், ஒருவரும் பார்க்காத காட்சியை மையச் செயலி மூச்சு வாங்க வரைந்துகொண்டிருக்கும்.

சேர்வருக்குக் காட்சி தேவையில்லை. யார் எங்கே நிற்கிறார், எதைப் பிடித்திருக்கிறார் என்ற கணக்கு மட்டுமே தேவை. தலை, இரு கைகள் ஆகிய மூன்றுக்கும் இடத்தைக் குறிக்க 3 எண்கள், திசையைக் குறிக்க 4 எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்று வைத்தால், ஒரு பிள்ளைக்கு 84 பைட் ஆகும். வினாடிக்கு 30 தடவை அனுப்பினாலும் 2,520 பைட்தான். குரலைச் சேர்த்தால்தான் அளவு கூடும்.

ஆகவே சேர்வருக்கெனத் தனிப் பதிப்பு ஒன்றை உருவாக்குங்கள். யூனிட்டி 2021.2 முதல் ‘டெடிகேட்டட் சேர்வர்’ என்ற தெரிவு உண்டு. பழைய பதிப்பானால் ‘பேட்ச்மோட்’, ‘நோகிராஃபிக்ஸ்’ என்னும் இரு கட்டளைகளோடு இயக்கலாம். எக்ஸ்.ஆர். அமைப்பில் (ஹெட்செட்டைக் கையாளும் யூனிட்டியின் பகுதியில்), தொடக்கத்திலேயே எக்ஸ்.ஆரை இயக்கும் தெரிவின் குறியை எடுத்துவிட்டு, பிள்ளைகளின் ஹெட்செட்டில் இயங்கும் பதிப்பில் மட்டும் அதை நிரல் வழியாகத் தொடங்குங்கள். உங்கள் பிழைச்செய்தி அநேகமாக அந்தக் குறியால் வந்ததே.

இதற்குப் பிறகுதான் பலர் குழம்பும் இடம் வருகிறது. திரையில் தெரியாத உருவத்தின் அசைவை நிறுத்தி யூனிட்டி வேலையை மிச்சப்படுத்தும். சேர்வரில் எதுவுமே திரையில் தெரியாததால், மீன்களின் எலும்புச் சட்டகம் அசையாமல் உறைந்து நிற்க, பிள்ளையின் கண்ணுக்கு வாலை ஆட்டும் மீன் சேர்வரின் கணக்கில் மரக்கட்டையாக இருக்கும். அசைவைக் கையாளும் அனிமேட்டர் என்ற பகுதியில் ‘எப்போதும் அசை’ என்ற தெரிவை வையுங்கள். பிரேம் வேகத்தையும் (கணக்கைப் புதுப்பிக்கும் வேகத்தையும்) வினாடிக்கு 30 அளவில் கட்டுப்படுத்துங்கள்; இல்லாவிட்டால், வேலை இருக்கிறதோ இல்லையோ, செயலி முழு வேகத்தில் சுழன்றுகொண்டேயிருக்கும்.

கேள்வி: சேர்வர் சிங்கப்பூரில் இருந்தால், தாமதத்தால் பிள்ளைகளுக்குத் தலைசுற்றாதா?
– வாசகி, நிலாவெளி

பதில்: தலையைத் திருப்பும்போது காட்சி மாறுவது பிள்ளை அணிந்திருக்கும் ஹெட்செட்டுக்குள்ளேயே, ஏறத்தாழ 20 மில்லிசெக்கனுக்குள் நடந்து முடியவேண்டிய வேலை, அதற்கும் சேர்வருக்கும் தொடர்பில்லை. திருகோணமலையிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,600 கிலோமீற்றர் என்பதால், கண்ணாடி இழையில் ஒளி போய்வரவே 26 மில்லிசெக்கன் ஆகும். கேபிள் நேர்கோட்டில் போவதில்லையாதலால் உண்மையில் இன்னும் கூடும். அந்தத் தாமதம் தோழியின் கை சற்றுப் பிந்தி அசைவதாக மட்டுமே தெரியும். ஆனால் பிள்ளையை ஒரு படகில் ஏற்றி, அந்தப் படகைச் சேர்வர் சொல்கிறபடி அசைத்தால் குமட்டல் நிச்சயம். பார்வை அசைவைச் சேர்வரின் கையில் கொடுக்காதீர்கள். இருவர் ஒரே சங்கை ஒரே கணத்தில் எடுத்தால் மட்டும் (2003 முதல் தேசியப் பூங்காவாக உள்ள உண்மையான புறாத்தீவில் எடுக்கக் கூடாது!) அது யாருக்கு என்ற தீர்ப்பைச் சேர்வரே வழங்கட்டும்.