பேட்டரி புதிது, ஆனாலும் செல்ஃப் திணறுகிறது: எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 1996 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. புது பேட்டரி போட்டும் செல்ஃப் திணறித்தான் சுற்றுகிறது. ஹெட்லைட் போட்டால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது. பிரேக் மிதித்தால் பின்பக்க இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறது. செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லும் மூன்றுமே எர்த், அதாவது கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி, கோளாறானதன் அடையாளங்கள். பேட்டரி நெகட்டிவிலிருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் வயர்கள் துருவேறினால், கரண்ட் கிடைத்த வழியில் திரும்பும். சில நேரம் கிளட்ச் கேபிள், ஆக்ஸிலரேட்டர் கேபிள் வழியாகக்கூடப் போகும். செல்ஃப் அடித்ததும் அந்தக் கேபிள்கள் சுட்டால், இன்ஜின் எர்த் போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டரில் ஓம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். பத்து இழையில் ஒன்று மிஞ்சியிருந்தாலும் மீட்டர் 'சரி' என்றுதான் காட்டும். செல்ஃப் 100 ஆம்பியர் இழுக்கும்போது 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் வீணாகும். அதனால் கரண்ட் ஓடும்போதுதான் அளக்க வேண்டும்.

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட்பிரேக் போடுங்கள். வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி இக்னிஷன் காயிலின் பாசிட்டிவ் வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றுங்கள். மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை நெகட்டிவின் ஈயக் குமிழிலேயே அழுத்துங்கள். கிளாம்பில் வைத்தால் அந்த இணைப்பின் பழுது தெரியாது. சிவப்பு முனையை இன்ஜினில் சுத்தமான உலோகத்தில் வைத்து, ஒருவரை மூன்று நான்கு விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட் வரை பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் இன்ஜின் எர்த்தில்தான் பழுது. பிறகு சிவப்பு முனையைப் பாடியில் வைத்து, ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள்; 0.1க்குள் இருக்க வேண்டும்.

சரிசெய்ய, முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். எர்த் போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட், துரு இரண்டும் போய் வெள்ளை உலோகம் தெரியும்வரை எமரி தாளால் தேயுங்கள். வயரின் உள்ளே பச்சை பூத்திருந்தால் லக்கை (வயர் முனையில் உள்ள உலோக வளையம்) மட்டும் மாற்றிப் பயனில்லை. 25 சதுர மி.மீ. காப்பர் கேபிளில் லக்கை கிரிம்ப் செய்து (நசுக்கிப் பொருத்தி) புதிதாகப் போடுங்கள். இன்ஜின் ஆடும் என்பதால் கொஞ்சம் தளர்வு விடுங்கள். ஸ்டார் வாஷர் வைத்து இறுக்கிய பிறகே மேலே வாசலின் தடவ வேண்டும்.

பின்விளக்குப் பிரச்சினை தனி. விளக்கின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தற்காலிகமாக ஒரு வயர் இழுங்கள். இண்டிகேட்டர் மங்கலாக எரிவது நின்றால் டிக்கிப் பக்க எர்த் திருகையும் பல்ப் ஹோல்டரையும் சுத்தம் செய்தால் போதும்.

இதற்குப் பிறகும் செல்ஃப் திணறினால், பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃப் மோட்டாரின் தடித்த முனைக்கும் இடையே அதேபோல் அளந்து பாருங்கள். 0.5க்குள் இருந்தால் மட்டும் மோட்டாரைக் கழற்றலாம்.