லட்லோவில் முழங்கால் வலியுள்ள அம்மாவோடு ஒரு நாள்

இங்கிலாந்தின் மேற்கிலுள்ள பழைய ஊரான லட்லோவுக்குப் பர்மிங்காமிலிருந்து ஒரே நாளில் ரயிலில் போய்வர வேண்டும், அம்மாவால் அதிகம் ஏற முடியாது என்று எழுதியிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். ஷ்ரூஸ்பரியில் ரயில் மாற வேண்டும். லட்லோ ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் ஏற்றம். அதற்கு மட்டும் டாக்சி வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை, சந்தைச் சதுக்கம், தேவாலயம் மூன்றும் மேட்டின் மேலேயே அருகருகே இருக்கின்றன.

பலர் தவறுவது பிராட் ஸ்ட்ரீட்டில். அழகில் மயங்கி ஆறுவரை இறங்கிவிடுவார்கள். திரும்ப ஏறும்போதுதான் கால் கெஞ்சும். அம்மாவுக்கு மேல்முனையில் பட்டர்கிராஸ் என்ற பழைய கட்டிடத்தின் அருகே நின்று பார்த்தாலே போதும்.

கோட்டையில் கோபுரப் படிகளை விட்டுவிடுங்கள். உள்முற்றத்தில் இருக்கும் வட்ட வடிவச் சிற்றாலயத்தைத் தவறவிடாதீர்கள், இங்கிலாந்தில் அரிதான அமைப்பு அது. இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் அண்ணன் ஆர்தர் 1502இல் இறந்தது இந்தக் கோட்டையில்தான். அவர் இருந்திருந்தால் ஹென்றி அரியணை ஏறியிருக்கவே மாட்டார்.

அதிக நேரத்தைப் புனித லாரன்ஸ் தேவாலயத்துக்கு ஒதுக்குங்கள். பாடகர் இருக்கைகளின் மடிப்புப் பலகைகளுக்கு அடியில் 28 மரச் சிற்பங்கள். ஒன்றில், அளவில் ஏமாற்றிய பீர்க்காரியைப் பேய் தோளில் தூக்கிக்கொண்டு நரகத்துக்குப் போகிறது. அவள் கையில் இன்னும் அந்த அளவுக் குவளை! குனிந்து பார்க்க வேண்டியவை, அதனால் அம்மாவுக்குப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். கோபுரம் சுமார் 200 படி. நீங்கள் மட்டும் ஏறுங்கள்.