பாரசீகத்தில் எஸ்எஃப்-36: மொழிபெயர்த்தால் மட்டும் போதாதா?

"நல்ல மொழிபெயர்ப்பாளர் செய்தால் போதுமே, எதற்குத் தனியாக ஒரு ஆய்வு?" என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. எஸ்எஃப்-36 என்பது உடல்நிலை பற்றிய 36 கேள்விகள். உடல் இயக்கம், வலி, தெம்பு, மனநலம் என எட்டுப் பிரிவுகளுக்கு 0 முதல் 100 வரை மதிப்பெண் வரும். அமெரிக்க மூலத்தில் மிதமான வேலைக்கு உதாரணம் கோல்ஃப் ஆடுவது! தெஹ்ரானில் அதை எத்தனை பேர் ஆடுவார்கள்? நடக்கும் தூரமும் மைலில் இருக்கிறது. ஈரானில் கிலோமீட்டர்தான் புழக்கம்.

எனவே பாரசீகத்துக்கு மாற்றியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவருவார். பொருள் நழுவிய இடம் அப்போது தெரிந்துவிடும்.

அப்புறம்தான் எண்கள். 2005-இல் வெளியான ஆய்வில், தெஹ்ரானில் 15 வயதும் அதற்கு மேலும் உள்ள 4,163 பேரிடம் கேட்டார்கள். ஒரே பிரிவின் கேள்விகளுக்கு வரும் பதில்கள் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று காட்டுவது குரோன்பாக் ஆல்ஃபா, 0.70 தாண்டினால் சரி என்பது வழக்கம். ஏழு பிரிவுகள் 0.77-க்கும் 0.90-க்கும் இடையே வந்தன. தெம்பு மட்டும் 0.65. எனக்கு இதில் வியப்பில்லை. படியேற முடிகிறதா என்பது எந்த மொழியிலும் ஒன்றுதான். 'சுறுசுறுப்பாக உணர்ந்தீர்களா' என்பது அப்படியில்லை.

முதியவர்–இளையவர், ஆண்–பெண் வேறுபாடுகளையும் பாரசீக எஸ்எஃப்-36 எதிர்பார்த்தபடியே காட்டியது. ஆனால் பதில் சொன்னவர்கள் நோயாளிகள் அல்ல, ஆரோக்கியமானவர்கள். உதாரணமாக, டயாலிசிஸ் நோயாளிகளிடம் பயன்படுத்துவதென்றால் அவர்களிடமும் ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும்.