டேப்லட் கொடுத்த இரண்டு நாட்கள்

வணக்கம்.

ஆட்டிசம் உள்ள 5 வயதுச் சிறுவனின் வீட்டுக்கு வாரம் 4 நாள், தினம் 3 மணி நேரம், நடத்தைச் சிகிச்சை டெக்னீஷியனாகப் போகிறேன். கத்தினால் டேப்லட் தரக்கூடாது, பட அட்டையை நீட்டிக் கேட்டால் உடனே தர வேண்டும் என்பது மேற்பார்வையாளர் எழுதிய திட்டம். தொடங்கிய நாளிலிருந்து கத்தல் கூடிக்கொண்டே போகிறது. "போதும், கொடுத்துவிடுங்கள்" என்று அவன் அம்மா கெஞ்சியதால் இரண்டு நாள் கொடுத்துவிட்டேன். பதிவுத்தாளில் அதை எழுதவில்லை. மருந்தைக் குறைக்கலாமா என்றும் அவர் என்னைத்தான் கேட்கிறார். சில நாள் தங்கையையும் என்னிடம் விட்டுவிட்டு வெளியே போய்வருகிறார். மேற்பார்வையாளர் வருவது மாதம் ஒருமுறை. நான் செய்தது தவறா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

அன்புள்ள நண்பருக்கு,

தவறுதான். ஆனால் டேப்லட் கொடுத்ததைவிட, அதை எழுதாமல் விட்டதுதான் எனக்குக் கூடுதல் கவலை தருகிறது.

இதுவரை பலன் கொடுத்த ஒரு நடத்தைக்குப் பலன் நின்றுபோனால், அது குறைவதற்கு முன் சிலவேளை கூடும். கத்தல் நீளும், உரக்கும், அடிப்பதும் கடிப்பதும் புதிதாகச் சேரலாம். எக்ஸ்டிங்ஷன் பர்ஸ்ட் என்று பயிற்சியில் படித்திருப்பீர்கள். அந்த உச்சியில் டேப்லட் கைக்கு வந்தால், இவ்வளவு நேரம் கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். எப்போதாவது பலன் தரும் நடத்தை, எப்போதும் பலன் தருவதைவிட மறையத் தாமதமாகும்.

இனிப் பதிவுத்தாளுக்கு வருவோம். மேற்பார்வையாளர் உங்கள் எண்களை வரைபடமாக்கிப் பார்க்கிறார். டேப்லட் தரப்படவே இல்லை, ஆனாலும் கத்தல் ஏறுகிறது என்றுதான் அது சொல்லும். டேப்லட்டுக்காகக் கத்துகிறான் என்ற கணிப்பே பிழை என்று அவர் முடிவுகட்டி, தேவையில்லாத வேறொரு திட்டத்தை எழுதக்கூடும். அதன் விலையைக் கொடுப்பவன் அந்தக் குழந்தை.

ஆகவே இன்றே தொலைபேசியில் சொல்லிவிடுங்கள். பழைய தாள்களைத் திருத்தாதீர்கள். தனித்தாளில் இன்றைய தேதியிட்டு, எந்தெந்த நாள், ஏறத்தாழ எத்தனை நிமிடக் கத்தலுக்குப் பின் கொடுத்தீர்கள் என்று எழுதி, 'நினைவிலிருந்து எழுதியது' என்ற குறிப்பையும் சேருங்கள். நினைவில் இல்லாத எண்ணை ஊகித்து நிரப்புவது பொய்ப்பதிவு. இனிமேல் எழுதும்போது 'அடம்பிடித்தான்' வேண்டாம், '10.20 முதல் 10.34 வரை கத்தினான், தன் கையை 2 முறை கடித்தான்' என்பது போதும். கத்தல் தொடங்குமுன் அட்டை அவன் கைக்கெட்டும் இடத்தில் இருந்ததா, எத்தனை முறை எடுக்க உதவினீர்கள் என்பதையும் குறியுங்கள். பல இடங்களில் திட்டம் சறுக்குவது அங்கேதான்: டேப்லட்டை மறுப்பது ஒழுங்காக நடக்கும், கேட்கக் கற்றுக்கொடுப்பது நடக்காது.

திட்டத்தை மாற்றும் உரிமை உங்களுக்கு இல்லை என்றால், கண்ணை மூடிக்கொண்டு நடத்த வேண்டும் என்று பொருளில்லை. தலையை மோதிக்கொண்டால் எப்படித் தடுப்பது, எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பது திட்டத்திலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த அமர்வுக்கு முன் எழுத்தில் கேளுங்கள். அவனுக்குக் காயம் வரும் நிலை வந்தால் அவன் பாதுகாப்புதான் முதலில். அமர்வை நிறுத்தி உடனே மேற்பார்வையாளரை அழையுங்கள். உங்களுக்குச் செய்துகாட்டிப் பயிற்சி தராத எந்த முறையையும், குறிப்பாகக் குழந்தையைப் பிடித்து அடக்குவதை, முயன்று பார்க்காதீர்கள்.

அம்மாவின் 'போதும்' சாதாரணச் சொல் இல்லை. சிகிச்சை நடப்பது அவர் சம்மதத்தில்தான். அதை அவர் திரும்பப் பெறலாம். அவர் மறுத்தபின் நீங்கள் வற்புறுத்தி நடத்தக்கூடாது, உங்கள் யோசனைப்படி வேறொன்றும் செய்யக்கூடாது. திட்டத்தின் அந்தப் பகுதியை நிறுத்துங்கள். அவரே டேப்லட்டைக் கொடுத்தால் நேரத்தைக் குறித்துவிட்டு அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். முதல் நாட்களில் கத்தல் கூடலாம் என்று அம்மாவிடம் முன்கூட்டியே விளக்கியிருக்க வேண்டியவர் அவர்.

மருந்து பற்றிக் கேட்டால், "அதை எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும், அவரைக் கேட்காமல் குறைக்காதீர்கள்" என்று சொல்லி, கேள்வியை மேற்பார்வையாளருக்கும் தெரிவியுங்கள். 'எனக்குத் தெரிந்த ஒரு குழந்தைக்கு' என்று தொடங்கும் பதில் வேண்டவே வேண்டாம். தங்கையைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலையில் சேராது. அமர்வு நேரத்தில் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பதை உங்கள் நிறுவனமே எழுத்தில் தரட்டும். நீங்கள் தனியாகச் சொன்னால் மனத்தாங்கலாகிவிடும்.

மாதம் ஒருமுறை மேற்பார்வை போதாது. நடத்தைச் சிகிச்சையாளர்களுக்குச் சான்றளிக்கும் அமெரிக்காவின் பிஏசிபி அமைப்பு, உங்களைப் போன்ற டெக்னீஷியன்களுக்காக 2014-இல் தொடங்கிய ஆர்பிடி சான்றிதழில், டெக்னீஷியன் அந்த மாதம் சேவை தந்த நேரத்தில் குறைந்தது 5 விழுக்காட்டுக்கு மேற்பார்வை வேண்டும். நேரடித் தொடர்பு மாதம் 2 முறையாவது இருக்க வேண்டும். அதில் ஒருமுறையாவது நீங்கள் குழந்தையோடு வேலை செய்வதை அவர் பார்க்க வேண்டும். காணொளி வழியாகவும் பார்க்கலாம். உங்கள் கணக்கில் மாதம் சுமார் 48 மணி நேரம் என்றால், 2 மணி 24 நிமிடம். நீங்கள் அந்தச் சான்றிதழ் பெறாதவராக இருந்தாலும் கேட்பதற்கு இது நல்ல அளவுகோல்.

இன்று தொலைபேசியில் பேசும்போது அடுத்த வருகைக்குத் தேதியும் வாங்கிவிடுங்கள். கத்தல் அதிகம் வரும் நேரம் உங்கள் தாள்களில் இருக்கிறது. அந்த நேரத்தில் வரச் சொல்லுங்கள்.