நாடா அழிந்தாலும் பிலிம் இருக்கலாம்

1960களில் பிபிசியில் வந்த தொடரில் இரண்டு பகுதிகள் மட்டும் இல்லை, நாடாவை அழித்துவிட்டார்கள் என்றால் அவ்வளவுதானா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, தயவுசெய்து தேடலை விட்டுவிடாதீர்கள்.

அன்று வீடியோ நாடா விலை அதிகம். அதனால் பழையதை அழித்து அதிலேயே மறுபடி பதிவு செய்தார்கள். ஆனால் வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்கு 16 மி.மீ. பிலிமில் பிரதி எடுத்தார்கள். நீங்கள் தேட வேண்டியது அதைத்தான். பிபிசியின் அறிவியல் புனைகதைத் தொடரான 'டாக்டர் ஹூ'வின் 9 பகுதிகள் நைஜீரியாவில் கிடைத்து 2013இல் வெளிவந்ததும் அப்படித்தான். ஒரே பிரதி ஒரு நாட்டில் ஓடி முடிந்து அடுத்த நாட்டுக்குப் போவதும் உண்டு. அது கடைசியாகப் போய்ச் சேர்ந்த இடம் எது என்று பாருங்கள்.

அப்புறம், பிலிம் சேகரிப்பாளர்களிடமும் தேடுங்கள். டப்பா மேல் எழுதியிருக்கும் பெயரை மட்டும் நம்ப வேண்டாம், உள்ளே வேறு சுருள் இருக்கலாம். முதல் சில அடிகளை மெதுவாகப் பிரித்து, ஓரத்தைப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் பிலிம் கெட்டுச் சுருங்கியிருக்கலாம், புரொஜக்டரில் ஓட்டவே கூடாது. சுருங்கிப்போன பிலிம் பல்சக்கரத்தில் சிக்கிக் கிழிந்துவிடும். நேராகத் திரைப்படக் காப்பகத்திடம் கொடுங்கள்.

வீட்டில் ஒலி மட்டும் பதிவு செய்த ரசிகர்களையும் விசாரியுங்கள். 'டாக்டர் ஹூ'வில் தொலைந்த பகுதிகள் எல்லாவற்றின் ஒலியும் அவர்களால்தான் இன்று நம்மிடம் இருக்கிறது.