நீர்மூழ்கிக் கப்பலில் பணிபுரியும் பெண்களுக்குத் தனி ஆபத்து உண்டா?

ஒன்றே ஒன்று, அதுவும் கருவுற்றிருந்தால் மட்டும்: உள்ளே இருக்கும் காற்று.

மூழ்கிய கப்பலுக்குள் வெளிக்காற்று வராது. மூச்சில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை வேதிக் கரைசல் உறிஞ்சினாலும் முழுதும் போகாது. வெளியே 0.04 சதவீதம்தான், உள்ளே அது பல மடங்காகவே நிற்கும். சன்னல் சாத்திய அறையில் பத்துப் பேர் படுத்து எழுந்தால் தலை கனக்குமே, அந்தக் காற்றை வாரக்கணக்கில் சுவாசிப்பது போல. இது கருவைப் பாதிக்கலாம் என்று அஞ்சியே பிரிட்டன் 2011 வரை எல்லாப் பெண்களையும் விலக்கி வைத்தது. கர்ப்பமில்லாதவர்களுக்கு அந்தத் தடை தேவையற்றது என மருத்துவ ஆய்வு சொன்ன பிறகே மாற்றினார்கள். நார்வே 1985-லேயே அனுமதித்திருந்தது என்பதைப் பார்த்தால், தாமதம் மிக அதிகம்.

உயிரைக் குடிக்கும் ஆபத்து கடல்நீர். அது ஆண், பெண் பார்ப்பதில்லை. 2017-இல் அர்ஜென்டினாவின் சான் ஹுவான் என்ற நீர்மூழ்கியில் காற்றுக்குழாய் வழியே நீர் புகுந்து மின்கலத்தில் ஷார்ட் சர்க்யூட் ஆனதாகக் கப்பலிலிருந்து தகவல் வந்தது. சில மணி நேரத்தில் 44 பேரும் மாண்டனர். அந்நாட்டின் முதல் பெண் நீர்மூழ்கி அதிகாரி எலியானா கிராவ்சிக்கும் அதில் இருந்தார்.

அணுசக்தியில் ஓடும் நீர்மூழ்கிகளில் அணு உலைக் கதிர்வீச்சுதான் பெரிய ஆபத்து என்று பலர் நினைப்பது தவறு: உலையைச் சுற்றிக் கனத்த தடுப்பு உண்டு, விண்வெளிக் கதிர்களைக் கடல்நீரே மறைக்கிறது, ஆகவே குழுவினர் பெறும் அளவு பொதுவாகக் கரையில் இருப்பவர்களைவிடக் குறைவு.