மதியச் சாப்பாட்டுக்கு இனி யாரோடு போவது?

கேள்வி: சிங்கப்பூரில் ஓர் ஆணைபெற்ற கழகத்தில் (சட்டப்படி அமைக்கப்பட்ட அரசு அமைப்பில்) 11 ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஏப்ரலில் மேலாளர் ஆனேன். அதுவரை சேர்ந்து சாப்பிட்ட எட்டுப் பேரும் இப்போது என்னைக் கண்டால் பேச்சை மாற்றுகிறார்கள். எதற்கெடுத்தாலும் இயக்குநரிடம் போய் நிற்கவும் முடியவில்லை. வீட்டில் புலம்பினால், “ஆபீஸை வாசலிலேயே விட்டுட்டு வா” என்கிறார் கணவர். நான் யாரிடம் பேசுவது?
- வாசகி, செங்காங்

பதில்: அந்த எட்டுப் பேரை விட்டுவிடுங்கள், தங்கச்சி. மேலாளரைக் குறை சொல்ல அவர்களுக்கும் ஒரு மேசை வேண்டாமா? நீங்களும் அங்கே உட்கார்ந்து பேசியவர்தானே!

உங்களுக்குத் தேவை, உங்கள் படிநிலையிலேயே வேறு அமைப்புகளில் இருக்கும் மூன்று நான்கு பேர். ஆண்டிறுதியில் உங்களை யாரோடு ஒப்பிட்டுத் தரம் பார்க்கிறார்களோ, அவரிடமே போய் “எனக்கு இது தெரியவில்லை” என்று சொல்ல வாய் வராது. 16 அமைச்சுகளும் 50க்கு மேற்பட்ட ஆணைபெற்ற கழகங்களும் உள்ள ஊரில் ஆளுக்கா பஞ்சம்?

புவன விஸ்தாவில் அரசு ஊழியர்களுக்குப் பயிற்சி தரும் சிவில் சர்வீஸ் காலேஜில் மேலாளர் பயிற்சிக்குப் போனால், பாடத்தைவிடப் பக்கத்து நாற்காலியைக் கவனியுங்கள். கடைசி நாளில் தொடங்கும் வாட்ஸ்அப் குழுவை நம்பாதீர்கள். தீபாவளி வாழ்த்தோடு அது படுத்துவிடும். இரண்டு பேரிடம் நேரில் கேளுங்கள்: “மாதத்தின் முதல் வியாழன், மேக்ஸ்வெல் உணவங்காடி, பதினொன்றே முக்கால்.” பன்னிரண்டரைக்குப் போனால் உட்கார இடம் கிடைக்காது.

நான் மேலாளரான முதல் வருடம், அடிக்கடி இருபது நிமிடம் தாமதமாக வரும் ஊழியருக்கு ஓர் எச்சரிக்கை மின்னஞ்சல் எழுதி வைத்திருந்தேன். அனுப்பும் முன், வேறொரு கழகத்தில் இருந்த தோழியிடம் கோப்பிக் கடையில் விஷயத்தைச் சொன்னேன். தே ஓவை (பால் இல்லாத தேநீரை) கலக்கிக்கொண்டே அவர் கேட்டார்: “ஏன் லேட்டுன்னு கேட்டியா?” நான் கேட்கவே இல்லை. மறுநாள் கேட்டேன். அம்மாவை டயாலிசிஸுக்கு விட்டுவிட்டு வருகிறாராம். வேலை நேரத்தை அரை மணி தள்ளி வைத்தோம், அவ்வளவுதான்.

கவனியுங்கள், தோழியிடம் நான் அந்த ஊழியரின் பெயரைச் சொல்லவில்லை. ஆள் நிர்வாகம், கூட்டம் நடத்துவது, மேலிடத்துக்கு ‘முடியாது’ என்று எழுதுவது, இதையெல்லாம் தாராளமாகப் பேசலாம். வெளிவராத கொள்கை, டெண்டர் விவரம், கோப்பில் உள்ள தகவல் எதுவும் அந்த மேசைக்கு வரக்கூடாது. அதிகாரத்துவ ரகசியச் சட்டம் 1935லிருந்தே இருக்கிறது. ஆமாம், கணவரிடம் புலம்பும்போதும் அதே சட்டம்தான்.